மேல்மாடியில் தொங்கிய ஆறு படுக்கைச் சாக்குகள்

அவள் வாயிலிருந்து "சரிங்க" என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. தோட்டத்தில் அதைச் சொல்லாமல் ஒரு நாளைக் கழிக்க முடியாது. கங்காணி ஏசினாலும் சரிங்க, கணக்கப்பிள்ளை முழு நாள் வேலைக்கு அரை நாள் கூலிதான் என்று அரைப் பேர் போட்டாலும் சரிங்க, துரையின் நாய் கணுக்காலைக் கவ்வினாலும் சரிங்க. அவளுக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் "பாக்கலாங்க"தான். ஏழாம் நம்பர் மலைக்குப் போ என்றால் "பாக்கலாங்க" என்பாள். சொல்லிவிட்டு முதல் ஆளாகப் போய் நிற்பாள், முதல் ஆளாகக் கூடையை நிரப்புவாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதனாலேயே எல்லாருக்கும் அவள்மேல் அத்தனை எரிச்சல்.

கொழுந்து மலையில் விட்டுவைத்தால் மற்றப் பெண்களும் கெட்டுப்போவார்கள் என்று ஒரு கங்காணி அழுது புலம்பி, அவளை ஸ்டோருக்கு மாற்ற வைத்தார். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே மாடியில், பறித்து வந்த பச்சைக் கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட வைக்கிற வேலை அவளுக்கு. கொழுந்தை உள்ளங்கையில் வைத்து மெல்ல மூடித் திறந்து, "இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்" என்பாள். கடிகாரம் பார்த்தால் சரியாக இருக்கும்.

நான் அந்தத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கர். இலங்கையில், நமுனுகுல மலையின் கிழக்குச் சரிவில், பகல் பன்னிரண்டு மணிக்கும் மூடுபனி வந்து ஆபீஸ் சன்னலைத் தட்டும் இடம். என் அப்பன் பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். லயம் என்கிற கூலி வரிசை வீட்டில் பிறந்தவன் கிளாக்கர் நாற்காலியில் உட்காருவது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. அந்த நாற்காலி போய்விடுமோ என்ற பயத்திலேயே நான் பாதி நாள் அதன் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் கோழை. அவள் இல்லை.

எங்கள் வெள்ளைக்காரத் துரைக்குக் கூடாரம் அடித்துத் தூங்கும் பைத்தியம். வருடத்துக்கு இரண்டு முறை, மழையில்லாத மாதங்களில், நண்பர்களைக் கூட்டிக்கொண்டு நமுனுகுல முகட்டுக்கோ, பிபிலைக்குக் கீழே காட்டுக் குளத்தோரங்களுக்கோ போவார். அதற்காக, உலகப் போர் முடிந்தபின் பட்டாளம் கழித்துவிட்ட ஸ்லீப்பிங் பேக் எட்டு வாங்கி வந்தார். தோட்டத்தில் எல்லாரும் அதைப் படுக்கைச் சாக்கு என்றார்கள். ஆள் உயரத்துக்கு மேல் நீளம், உள்ளே வாத்து இறகு, பக்கத்தில் ஜிப். விரித்துப் போட்டால் ஆப்பம்போல உப்பி எழும். ஒன்று மட்டுமே ஒரு கட்டிலை அடைத்துக்கொள்ளும். எட்டையும் என் ஆபீஸை ஒட்டிய சாமான் அறையில் போட்டபோது கதவைச் சாத்த முடியவில்லை. அந்த அறையின் சாவி என் இடுப்பில் இருந்தது. ஆகவே அந்த எட்டுச் சாக்கும் என் தலையில் விழுந்தன.

முதல் பயணத்துக்கு அவற்றை ஜீப்பில் ஏற்ற நானும் பங்களா சமையல் அப்புவும் பட்ட பாடு இருக்கிறதே! கம்பளியைச் சுருட்டிப் பழகிய கைகள் எங்களுக்கு. ஒருவர் சுருட்ட, ஒருவர் மேலே ஏறி மண்டியிட, மூன்றாமவர் கயிறு போட வேண்டும். முடிச்சு விழுவதற்குள் அது நெளிந்து விரிந்து அப்புவை ஒரு பக்கம் தள்ளிவிடும். ஜீப்பில் மூன்று ஏற்றியதும் துரைக்கு உட்கார இடமில்லை.

அப்போதுதான் ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தொழிலில் மன்னன், பெட்டி கட்டுவதில் மன்னாதி மன்னன். தேயிலைப் பெட்டிக்குள் ஈயத்தாள் விரித்து, தூளைக் கொட்டிக் குலுக்கி அமுக்கி, காற்றுப் புகாமல் ஒட்டி அனுப்பினால் கப்பல் லண்டன் போய்ச் சேரும் வரை அதன் மணம் மாறாது. அதில் அவருக்கு நியாயமான பெருமை உண்டு.

"உதுக்கே இவ்வளவு பாடுபடுறியள்? பெட்டி கொண்டு வாங்கோ," என்றார்.

ஆட்களை ஏற்றி மிதிக்க வைத்து, எட்டுச் சாக்கையும் நான்கு பெட்டிகளில் அடைத்தார். துரை கை தட்டினார். முகட்டில் இரண்டு நாள் பனியிலும் தூறலிலும் கிடந்து திரும்பி வந்ததும், அதேபோல மிதித்து, ஈயத்தாளை ஒட்டி, மூடியை ஆணி அடித்து, சாமான் அறையில் அடுக்கினோம். எலி வராது, ஈரம் வராது என்று டீமேக்கர் பெட்டியைத் தட்டிக் காட்டினார். ஈரம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தேயிலைக்காரர்கள் இல்லையா நாங்கள்? அடைத்து வைத்தது கெடாது என்பது எங்களுக்கு வேதம்.

ஐந்து மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது அப்பு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார். இரண்டு சாக்கு முழுவதும் கரும்புள்ளி பூத்துக் கையோடு கிழிந்து வந்தன. மற்ற ஆறிலும் இறகு நனைந்த கோழிபோலக் கட்டிகட்டியாகத் திரண்டிருந்தது. துரை என்னைத் திட்டிய திட்டில் பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். டீமேக்கர், "ஒட்டினது காணாது. இனி ஊசி நுழையாமல் ஒட்ட வேணும்," என்றார்.

விறகு கொண்டுவந்து போட்டுவிட்டு வாசலில் நின்றவள் அவள்தான். யாரையும் கேட்காமல் உள்ளே வந்து, ஒரு சாக்கை எடுத்து, கொழுந்தைப் பிடிப்பது போலவே உள்ளங்கையில் பிடித்து மூடித் திறந்தாள்.

"இது தூளு இல்லீங்க, கொழுந்து," என்றாள்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்?" என்றார் டீமேக்கர்.

"தூளத்தான் அமுக்கி அடைக்கணும். பச்சக் கொழுந்த அமுக்குனா சூடேறிச் செத்துரும்ல, அந்த மாதிரிங்க. இதுக்கு மூச்சு வேணும்."

பயணத்துக்கு ஒரு வாரம் இருந்தது. துரைக்கு வேறு வழியில்லை, கொடுத்துப் பார் என்றார். அவள் ஆறு சாக்கையும் ஸ்டோருக்குப் பின்னால் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். வெயில் வரும்போதெல்லாம் திருப்பிப் போட்டாள். உட்கார்ந்து துணிக்கு மேலாகவே ஒவ்வொரு கட்டியாக விரலால் உதிர்த்துவிட்டாள். வாரக் கடைசியில் அவை மறுபடி உப்பி எழுந்தன. கட்டுகிற முறையும் வேறு. சுருட்டவில்லை, மடிக்கவில்லை, கயிறும் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கான்வாஸ் பை. கால் பக்கத்தை முதலில் உள்ளே விட்டு, ஒரு கைப்பிடி, இன்னொரு கைப்பிடி என்று மூலை முடுக்கெல்லாம் திணித்துக்கொண்டே போனாள். உள்ளே இருந்த காற்று தலைப்பக்கமாகப் போய்விட்டது. முழு ஆள் நீளச் சாக்கு ஒரு பூசணிக்காய் அளவுக்கு வந்து நின்றது. ஆறும் ஜீப்பின் பின் இருக்கைக்குக் கீழே போயின.

"இதையும் பொறப்படுற நேரத்துலதான் செய்யணுங்க," என்று எனக்குச் சொன்னாள். "கட்டுறது போறப்ப. வீடு வந்தா அவுத்து விட்டுறணும்."

அந்த நாட்களில் லயங்களில் பல வீடுகளில் தகரப் பெட்டி கட்டியே இருந்தது. தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜா உரிமை இல்லையாம், என்றைக்கு வேண்டுமானாலும் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்களாம் என்று பேச்சு. ஒரு தரம் நான் அவளிடம், உங்கள் வீட்டில் பெட்டி கட்டியாயிற்றா என்று விளையாட்டாகக் கேட்டேன். "எங்க காம்பராவுல கட்டின பொட்டி ஒண்ணும் கெடையாதுங்க. தட்டு அலமாரியில இருக்கு, துணி கொடியில இருக்கு," என்றாள். அவள் சிரிக்கவில்லை. நானும் விளையாட்டை நிறுத்திக்கொண்டேன்.

பயணம் நன்றாக முடிந்தது. ஆனால் வரும் வழியில் மழை. நனைந்த சாக்குகளைப் பார்த்ததும் டீமேக்கர் பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னார். அவர் பேச்சைத் துரை தட்டமாட்டார்; தோட்டத்தின் தேயிலை நல்ல விலைக்குப் போவது அவர் கையால் அல்லவா? "இன்றைக்கே அடை. ஊசி நுழையக் கூடாது," என்று அவளிடம் டீமேக்கரின் உத்தரவு.

"பாக்கலாங்க," என்றாள்.

மறுநாள் மூன்று பெட்டிகள் பளபளவென்று ஒட்டி, ஆணி அடித்து என் சாமான் அறையில் இருந்தன. டீமேக்கர் ஒட்டுவாயில் விரல் ஓட்டிப் பார்த்து, தலையை ஆட்டினார். நாலு நாள் கழித்து அவள் என்னை ஸ்டோரின் மேல்மாடிக்குக் கூட்டிப் போனாள். தட்டுகள் கிழிந்து யாரும் பயன்படுத்தாத கடைசி மூலை. அங்கே, சன்னல் காற்றில், ஆறு படுக்கைச் சாக்கும் கொழுகொழுவென்று தொங்கிக்கொண்டிருந்தன.

என் கை இடுப்புச் சாவிக்குப் போனது. "அப்போ பெட்டிக்குள்ள?"

"மானாப்புல்லுங்க. நல்லாக் காஞ்சது."

"டீமேக்கரய்யா பார்த்துட்டா?"

"அவருக்கு முழங்கால் வலி. இந்த ஏணி ஏறமாட்டாரு. சாவி ஒங்ககிட்ட இருக்கு, சாக்கு எங்கிட்ட இருக்கு. ஆராச்சும் கேட்டா எங்கிட்ட கேக்கச் சொல்லுங்க. ஒங்க நாக்காலிக்கு ஒண்ணும் வராது."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஏணியில் இறங்கி என் வேலையைப் பார்க்கப் போனேன். மாடியில் வேலை செய்த மற்ற ஒன்பது பெண்களுக்கும் விஷயம் தெரியும். ஒருத்தியும் மூச்சு விடவில்லை.

ஆடி மாதத்தில் துரையின் மைத்துனர் சீமையிலிருந்து வந்து இறங்கினார். நாளை மறுநாள் முகட்டுக்குப் போவோம் என்று துரை சொன்னதும், டீமேக்கர் தானே சுத்தியலோடு வந்தார். தம் வேலையை விருந்தாளிக்குக் காட்டும் ஆசை. மூடியைப் பெயர்த்து, ஈயத்தாளைக் கிழித்து, கையை விட்டு எடுத்தார். ஒரு பிடி புல். அடுத்த பெட்டியிலும் புல். மைத்துனர் விழுந்து விழுந்து சிரித்தார். துரையின் முகம் சிவந்தது அந்தச் சிரிப்பினால்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் சொல்வதற்கு முன் அவளே ஆபீஸ் விறாந்தைக்கு வந்துவிட்டாள்.

"யார் புல் போட்டது?" என்றார் துரை.

"நாந்தாங்க."

"ஏன் போட்டது?"

"பொட்டி வெறுமனே இருந்தா டீமேக்கரய்யா மனசு கஷ்டப்படும்னுதாங்க."

என்னையும் அறியாமல் எனக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டேன். எல்லாரும் மேல்மாடிக்குப் போனோம். டீமேக்கர்கூட ஏணியில் ஒவ்வொரு படியாக முனகிக்கொண்டு ஏறினார். துரை சாக்கை அமுக்கினார். அது மெல்ல எழுந்து அவர் கையை நிறைத்தது. முகர்ந்தார். மறுபடி அமுக்கினார். அவருக்குப் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"தேயிலையில் சாக்கு மணம் பிடிக்குமே! மாடியில் கண்டதையும் தூக்கலாமோ?" என்று டீமேக்கர் கத்தினார்.

"மோந்து பாருங்கய்யா. வெயில்ல போட்டு மணம் போனப்புறந்தான் ஏத்துனேன்," என்றாள்.

அவர் முகரவில்லை. "எனக்கு இவள் படிப்பிக்கிறாளோ? துரை, இதை விட்டால் நாளைக்கு ஸ்டோரில் ஒருத்தரும் என்ர சொல் கேக்கமாட்டினம்," என்றார். முப்பது வருடம் பெட்டி கட்டிய மனிதர். அந்தக் கணத்தில் எனக்கு அவர்மேலும் இரக்கமாகத்தான் இருந்தது.

துரை யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். சாக்கு நல்லது, சரி. ஆனால் உத்தரவு உத்தரவுதான். நாளைக் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்க எல்லாரும் கூடி நிற்கும் நேரத்தில், அவள் டீமேக்கரைப் பார்த்து, தான் செய்தது தப்பு என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் எல்லாம் மறந்தாயிற்று. சொல்லாவிட்டால் வேலையும் இல்லை, லயத்துக் காம்பராவும் இல்லை. ஒரு வாரத்தில் காலி பண்ண வேண்டும்.

அன்று மாலை நான் அவள் காம்பராவுக்குப் போனேன். அவள் புருஷன் ஸ்டோரில் அடுப்பு எரிப்பவர், சாது. இரண்டு பேர் பங்குக்கும் சேர்த்து அவரே சரிங்க சொல்லிவிடுவார். "நீங்களாச்சும் சொல்லுங்கய்யா, இவ வீட்ட விட்டுத் தொரத்த வெச்சுருவா," என்று கண் கலங்கினார்.

"ஒரு வார்த்தைதானே? சொல்லிட்டுப் போயேன்," என்றேன்.

"ஒரு வார்த்ததானுங்களா?" என்றாள். "அப்ப டீமேக்கரய்யாவே சொல்லிரலாமே."

காலைப் பெரட்டில் இருநூறு பேர் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவள் கம்பளியில்லாமல் முன்னால் வந்தாள். கணக்கப்பிள்ளை, "ம், சொல்லு," என்றார்.

"நனஞ்சதப் பொட்டியில போட்டு அடைக்கச் சொன்னது தப்புங்க," என்றாள், பின்வரிசைக்கும் கேட்கும்படி. "அதச் செய்யாதது தப்பில்லீங்க. மொத மொறை ரெண்டு சாக்கு அழுகிப்போச்சு. அதுக்கு இன்னும் ஆரும் தப்புன்னு சொல்லல. அவங்க சொல்லட்டும், அப்பறம் எம் மொறைக்கு நான் சொல்றேன்."

துரை என் பக்கம் திரும்பி, அவளை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் எழுது என்றார். நான் எழுதினேன். நல்ல கையெழுத்தில், கோடு சாயாமல், அவள் பெயர், கணவன் பெயர், காம்பரா நம்பர் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கி, மடித்து முந்தானையில் செருகிக்கொண்டு போனாள்.

பகலில் முதல் லாரி கொழுந்து வந்தது. கொழுந்துச் சாக்குகள் மாடிக்கு ஏறின. உடனே அவிழ்த்துக் கொட்டிப் பரப்ப வேண்டும். ஒன்பது பெண்களும் சாக்குகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தே இருந்தார்கள். மேற்பார்வைக்காரன் கத்தினான்.

"அவுக்க மாட்டோம்னு சொல்லலீங்க," என்றாள் அவர்களில் மூத்தவள். "பாக்கலாங்க."

அடுத்தவளைக் கேட்டான். "பாக்கலாங்க." அதற்கடுத்தவள், "பாக்கலாங்க." ஒன்பது பேரும் அதையே சொன்னார்கள். இரண்டாவது லாரியும் வந்தது. மழை இல்லாத மாதம், வருடத்தின் மிகச் சிறந்த கொழுந்து. டீமேக்கர் ஏணியில் ஏறி வந்தார், அன்று முனகாமல். ஒரு சாக்கின் வாயைக் கொஞ்சம் நெகிழ்த்திக் கையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்தார். நானும் விட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது.

"கொழுந்து சாகுது," என்றார் டீமேக்கர். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு, கிழிந்த தட்டுகளுக்கு அப்பால் தொங்கிக்கொண்டிருந்த ஆறு சாக்கையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே இறங்கி, துரையிடம் போய், "அவளைக் கூப்பிடுங்கோ," என்றார். அந்த மனிதருக்கு அதுவே எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

துரை என்னை அனுப்பினார். ஓடினேன். அவள் லயத்து வாசலில் பானை துலக்கிக்கொண்டிருந்தாள். எதையும் மூட்டை கட்டியிருக்கவில்லை. துணி கொடியிலேயே இருந்தது.

"துரை வரச் சொன்னார்," என்று மூச்சு வாங்கினேன்.

"எதுக்குங்க? எனக்குத்தான் வேலை இல்லியே."

"இருக்குன்னு சொல்லச் சொன்னார்."

"தப்பு சொல்லணுமா?"

"அதைப் பத்திப் பேச்சே இல்லை. அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தால் போதும்."

"அது எங்கிட்ட இல்லீங்க. அடுப்பு பத்த வெச்சுட்டேன்," என்றாள். பானையைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள். "பாக்கலாங்க," என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

மாடியில் போய், "அவுத்து விடுங்கடி," என்றாள். பதினெட்டுக் கைகள் ஒரே நேரத்தில் முடிச்சை அவிழ்த்தன. அன்று நாலு சாக்குக் கொழுந்து வீணாயிற்று, மிச்சம் பிழைத்தது. மறுநாள் ஆறு படுக்கைச் சாக்கையும் அவளே திணித்து ஜீப்பில் ஏற்றினாள். திரும்பி வந்ததும் அவை மேல்மாடிக்கே போயின. எந்த உத்தரவும் இல்லாமல் அது வழக்கமாயிற்று. டீமேக்கர் அவளிடம் தப்பென்று சொன்னாரா என்றால், இல்லை. அவளும் சொல்லவில்லை.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. இரண்டு வருடம் தினமும் அவள் பெயரைச் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் எழுதும்போதெல்லாம், அந்தக் கடிதத்தில் அதே பெயரை அதே கையால் எழுதியது நினைவுக்கு வரும். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. கிளாக்கர் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அவள் உட்பட.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றல் வந்தபோது, சாமான் அறைச் சாவியைப் புதியவரிடம் கொடுத்துவிட்டு, மேல்மாடிக்கு ஏறிப் போனேன். அவள் கடைசி மூலையில் சாக்குகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நீளமான பேச்சை விட்டுவிட்டேன்.

"அன்னைக்கு அந்தக் கடுதாசிய நான் எழுதியிருக்கக் கூடாது," என்றேன். "எந் தப்புதான். மன்னிச்சுக்க."

லயத்தில் பேசிய பேச்சு, பல வருடத்துக்குப் பிறகு என் வாயில் வந்திருந்தது. அவள் கையில் இருந்த சாக்கை விட்டுவிட்டு, என்னை முழுசாக ஒரு தரம் பார்த்தாள்.

"சரிங்க," என்றாள்.